கடைசி ஐந்து நொடிகளின் காகிதம்

மேடையின் நடுவில் வீற்றிருந்து, என்னைப் பத்து நிமிடத்துக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! அந்த நம்பிக்கைக்குத் துணையாகக் கையில் மணியோடு அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! வாகன உரிமையாளர் நலச் சங்கத்தை இருபது ஆண்டுகளாகத் தோளில் சுமந்துவரும் மூத்தவர்களே! முன்வரிசையை நிறைத்து எங்களுக்கெல்லாம் பயம் காட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மனத்தையும் வண்டியிலேயே விட்டுவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களே! மூன்றாம் வரிசையின் ஓரத்து நாற்காலியில், இவர் இன்றைக்கு என்ன பேசி வைக்கப்போகிறாரோ என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் என் துணைவியாரே! உங்கள் அனைவரின் முன்னும் இந்த எளியவன் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

நான் பட்டம் பெற்றவன் அல்லன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. எழுத்தை நான் விடவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் எடைமேடையில் வேலை பார்த்தேன். லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எண் மின்னும். சீட்டு அடித்துக் கொடுப்பேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்துத் தமிழ் கற்றவன் நான். ஆகவே என் சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வழக்கில் பிழை இருந்தால் பொறுக்காதீர்கள், எழுந்து கேளுங்கள்.

வலக்கையால்தான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன், கவனித்தீர்களா? இந்த இடக்கை, நான்கு மாதமாக ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தூக்க மாட்டேன் என்கிறது. மணிக்கட்டு இன்னும் வீங்கியிருக்கிறது. ஏன் வீங்கியது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான்கு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. என் துணைவியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். வெயில் தெளிவாக இருக்கிறது. சாலை காய்ந்து கிடக்கிறது. மரச்சாமான் கடை ஒன்றின் வாசலிலிருந்து, பின்பக்கக் கதவு திறந்தபடி ஒரு சரக்கு வேன் பின்னோக்கிச் சாலைக்குள் வருகிறது. வேன் நிற்கும் என்று நான் நினைத்தேன். நான் நிற்பேன் என்று வேன் நினைத்தது. இரண்டு பேர் நினைப்பும் மோதிக்கொண்டன. வேனில் ஏற்றியிருந்த அலமாரியின் ஆள் உயரக் கண்ணாடி என் கார் மீது கொட்டியது. என் துணைவியாருக்குப் புருவத்துக்கு மேலே மூன்று தையல். எனக்கு இந்த மணிக்கட்டு. என் கைக்கடிகாரம் வார் அறுந்து எங்கோ போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. எங்கே? அவள் காலடியில், முன் இருக்கைக்குக் கீழே. என் கைக்கடிகாரம் அவள் காலடிக்கு எப்படிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை. பறந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் நான். ஒரு கீறல் இல்லை, ஒரு அபராதம் இல்லை, ஒருவரும் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை. சரி, விபத்து. யாருக்குத்தான் நேராது? மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இரண்டாவது வாரம், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வுக்காரர் வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"சார், பிரேக் போட்டீங்களா?" என்றார்.

"போட்டேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் பேரு எனக்கு ஞாபகம் இருக்கிற அளவுக்கு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். "போடலன்னு வண்டி சொல்லுதே சார்."

"எந்த வண்டி? அந்த வேனா?"

"இல்ல சார். உங்க வண்டி."

என் வண்டி! நான் துடைத்து, நான் கழுவி, வெயில் படாமல் போர்வை போர்த்தி வைத்த என் வண்டி, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது! யாரைக் கேட்டு? எப்போது? எந்த வாயால்?

அப்போதுதான் தெரிந்தது, இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறதாம். தீப்பெட்டிகள் நாலைந்தைச் சேர்த்து வைத்தது போன்ற ஒரு பெட்டி. மோதல் நேர்ந்தால், அதற்கு முந்தைய ஐந்து நொடிகளை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். என்ன வேகம், எந்தக் கால் எதை மிதித்தது, யார் இருக்கைப் பட்டை போட்டிருந்தார்கள், எல்லாம். ஆறு ஆண்டுகள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன், தோழர்களே! ஆறு ஆண்டுகள்! எனக்குத் தெரியாது!

வண்டி விற்ற இடத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வாசலிலேயே சிரிப்பு. "இது உங்க பாதுகாப்புக்குத்தான் சார். கையேட்டுல போட்டிருக்கோமே" என்றார் முகப்பில் இருந்த அம்மணி. வீட்டுக்கு வந்து கையேட்டை எடுத்தேன். இருநூற்றுப் பதினான்காம் பக்கம். கண்ணாடி போட்டுப் படித்தேன், தெரியவில்லை. கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், தெரிந்தது. என் காரில் என்னை எழுதி வைக்க நானே சம்மதித்திருக்கிறேனாம்!

சரி, அந்தப் பெட்டியில் உள்ளதை எனக்கும் காட்டுங்கள் என்றேன். "அதைப் படிக்கத் தனிக் கருவி வேணும் சார். எங்ககிட்ட இல்ல" என்றார்கள். காப்பீட்டு நிறுவனம், வண்டி செய்த நிறுவனத்தைக் கேள் என்றது. வண்டி செய்த நிறுவனம், தலைமை அலுவலகத்துக்கு எழுது என்றது. எழுதினேன். ஐம்பத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. இதோ, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், வாசிக்கிறேன். "தாங்கள் கோரிய பதிவு தனிநபர் பற்றிய விவரங்களைக் கொண்டிருப்பதால், தனியுரிமை காரணமாகத் தங்களுக்கு வழங்க இயலாது."

(சிரிப்பு)

சிரியுங்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அந்தத் தனிநபர் யார்? நான்! என்னிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறார்களாம்! ஆய்வுக்காரர் படிக்கலாம், அவருடைய மேலாளர் படிக்கலாம், உரிம அலுவலகம் படிக்கலாம். ஊரே படிக்கலாம், உரியவன் படிக்கக் கூடாதா? இதற்குப் பெயர் காவலா, களவா?

(கைதட்டல். சுவரோரத்திலிருந்து ஒரு குரல்: "பெரியவரே, உங்களுக்கு அஞ்சு நொடிதான். எங்களுக்கு நாள் முழுக்க! கம்பெனிக்காரன் முகத்துக்கு நேரா கேமரா வெச்சிருக்கான். கொட்டாவி விட்டா பீப்புங்குது!")

கொட்டாவிக்குமா? தம்பி, நீ என் பேச்சைக் கேட்க வந்திருக்கிறாய். நல்ல வேளை, அந்தக் கேமராவை இங்கே கொண்டுவரவில்லை.

("பாட்டு முணுமுணுத்தாலே, கவனம் சிதறுதுன்னு செய்தி வருது, அண்ணே!")

பாருங்கள்! கொட்டாவியும் அவர்களுடையது, பாட்டும் அவர்களுடையது. அப்புறம் அந்தத் தம்பியிடம் அவனுடையது என்று மிச்சம் இருப்பது என்ன?

(முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள்: "இருங்கய்யா. என் பொண்ணு வேலை முடிஞ்சு தனியா வாடகைக் கார்ல வர்றா. அந்த கேமரா இருக்குன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன். அதையும் புடுங்கிடச் சொல்றீங்களா?")

தாயே... இதற்கு நான் பதில் எழுதி வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அந்தத் தம்பி கேட்பதும் நியாயமாகப் படுகிறது, நீங்கள் கேட்பதும் நியாயமாகப் படுகிறது. இரண்டு நியாயமும் ஒரே காருக்குள் எப்படி உட்காரும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் கோபத்தை மட்டும் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினேன். வழியில் எங்கோ குழப்பமும் ஏறிக்கொண்டது.

செயலாளர் அவர்களே, மணியைக் கீழே வையுங்கள். நான் இன்னும் இடத்துக்கு வந்து சேரவில்லை.

அந்தக் காகிதத்தைக் கடைசியில் ஆய்வுக்காரரே எனக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தார். கொடுக்கக் கூடாதுதான், கொடுத்தார். அதில் பிரேக் என்ற கட்டம் இருக்கிறது. ஐந்து நொடிக்கு ஐந்து பதில். முதல் நொடி, இல்லை. இரண்டாம் நொடி, இல்லை. மூன்றாம் நொடி, இல்லை. நான்காம் நொடி, இல்லை. ஐந்தாம் நொடி, அந்த வேனின் பின்பக்கம் என் கண்ணை நிறைத்து நிற்கிற ஐந்தாம் நொடி, இல்லை! முடுக்கியிலிருந்து கால் எடுக்கப்பட்டது என்று இருக்கிறது. பிரேக்குக்குப் போனது என்று இல்லை. அப்படியானால் நான் என்ன செய்தேன்? சும்மா இருந்தேனா?

வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு உரிம அலுவலகத்தில் விசாரணை. காகிதம் சரி என்றால், அறுபத்தெட்டு வயதுக்காரன் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று பொருள், உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அது போனால் போகிறது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஆனால் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. நான் பிரேக் போட்டது எனக்கு நினைவிருக்கிறது! உடம்பு முழுவதும் இறுகி, எதையோ முழு பலத்தோடு தடுத்தது நினைவிருக்கிறது! காகிதம் சரி என்றால் என் நினைவு பொய். இந்த நினைவு பொய் என்றால், மற்ற நினைவுகளில் எது மெய்? இதுதான் நான்கு மாதமாக என்னைத் தின்கிறது.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எடைமேடையில் நான் இருந்தபோது, லாரி ஓட்டுநர்கள் வந்து கத்துவார்கள். "உங்க மெஷின் பொய் சொல்லுது!" நான் என்ன சொல்வேன் தெரியுமா? "மெஷினுக்கு வாய் இல்லப்பா, பொய் சொல்ல. உனக்குத்தான் இருக்கு." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அதன் மீது ஒரு பெருமை. ஒருநாள் ஒரு ஓட்டுநரின் சரக்கில் எண்பது கிலோ குறைந்தது. "ஏத்தும்போது நானே நின்னு எண்ணி ஏத்தினேங்க. ஒரு தடவை இறங்கி வந்து மேடையைப் பாருங்க" என்று கெஞ்சினான். நான் எழுந்திருக்கவில்லை. சீட்டு அடித்துக் கொடுத்தேன். வழியில் விற்றுவிட்டான் என்று அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து மேடையைக் கழுவும்போது பார்த்தோம். ஓரத்து இடுக்கில் ஒரு கல் சிக்கியிருந்தது. மேடை முழுதாக இறங்கவில்லை. எண்பது கிலோவை அந்தக் கல் தாங்கிக்கொண்டிருந்தது. அவனைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அன்றைக்கு அவன் நின்ற இடத்தில்தான் இன்றைக்கு நான் நிற்கிறேன். என் கல் எங்கே என்று தேடுகிறேன்.

தேடினேன், தோழர்களே, கண்டுபிடித்தேன்! இந்த மேடையில் அதை வெடியாக வெடிக்க வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது. இடப்பக்க முன் இருக்கைப் பட்டை: அணியப்பட்டது. அணியப்பட்டதா? இல்லை! அது பச்சைப் பொய்! என் துணைவியாருக்குச் சிறு வயதில் தோள் எலும்பு உடைந்து சேர்ந்தது. பட்டை போட்டால் சரியாக அந்த இடத்தில் அழுத்தும். போடாவிட்டால் வண்டி விடாமல் கத்தும். அதற்கு ஒரு வழி...

(மூன்றாம் வரிசையிலிருந்து: "சொல்லுங்க. சொல்லிடுங்க. நானே சொல்லணுமா?")

சொல்கிறேன். பட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டு, கொக்கியில் மாட்டிவிடுவோம். வண்டி வாயை மூடிக்கொள்ளும். ஆறு ஆண்டுகள் அப்படித்தான். அதைச் சொல்லிக்கொடுத்தது அவள் அல்ல, நான். எந்திரத்துக்கு வாய் இல்லை என்று ஊருக்குச் சொன்ன நான்தான், எந்திரத்தின் வாயை அடைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவள் புருவத்தில் இருக்கும் மூன்று தையல் என் யோசனையின் விலை. அதனால்தான் நான்கு மாதமாக அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அவளும் அதைக் கேட்டதில்லை.

ஆனால் பாருங்கள், அவளுடைய மருத்துவர் சீட்டிலும் 'மார்பில் பட்டையின் தடம்' என்று எழுதியிருக்கிறது. பெட்டி சொன்னது, மருத்துவரும் சொல்லிவிட்டார். போடாத பட்டைக்கு எப்படித் தடம் வரும்? எனக்குத் தலை சுற்றுகிறது!

இருக்கட்டும். என் வாதம் இதுதான். பட்டையைப் பற்றி அந்தப் பெட்டி சொன்னது பொய். எனவே பிரேக்கைப் பற்றிச் சொன்னதும் பொய்! ஒரு பெட்டியை நம்பி ஒரு மனிதனை ஒதுக்குகிறீர்களே, அந்தக் காருக்குள் இன்னொரு மனுஷி இருந்தாளே! இரண்டு கண், இரண்டு காது, ஒரு வாய் உள்ளவள், எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே! ஆய்வுக்காரர் அவளைக் கேட்டாரா? கேட்கவில்லை! காப்பீட்டு நிறுவனம் கேட்டதா? கேட்கவில்லை! உரிம அலுவலகம் கேட்டதா? கேட்கவில்லை! பெட்டியைத் தட்டிக் கேட்டார்கள், பெண்ணைக் கேட்காமல் விட்டார்கள். அவளை யார்தான் கேட்டார்கள்? நான்...

(மூன்றாம் வரிசையைப் பார்க்கிறார்.)

நானும் கேட்கவில்லை.

இப்போதுதான் தோன்றுகிறது. நானும்தான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் பிரேக் போட்டேன், போட்டேன் என்று முழங்கினேன். அவள் தட்டத்தில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான்கு மாதமாக ஒரு வீட்டுக்குள் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு, நான் ஊரெல்லாம் சாட்சி தேடியிருக்கிறேன்.

தலைவர் அவர்களே, அனுமதி கொடுங்கள். இந்த ஒலிவாங்கியை மூன்றாம் வரிசைக்குக் கொண்டு போங்கள். இங்க பாரும்மா. இத்தனை பேர் முன்னாடி கேக்குறேன். நான் பிரேக் போட்டேனா?

(அவர் மனைவி எழுந்து நிற்கிறார். ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டு பேசுகிறார்.)

"ஏங்க, நீங்க பிரேக் போடல."

(சலசலப்பு)

"இருங்க, முழுசாக் கேளுங்க. வேன் வந்ததும் நீங்க ரோட்டப் பாக்கல. என்னப் பாத்தீங்க. இந்தக் கை இருக்கு பாருங்க, இடது கை, அது வந்து என் நெஞ்சுக்குக் குறுக்க இரும்பு மாதிரி நின்னுச்சு. உடம்பு மொத்தமும் என் பக்கம் திரும்பிடுச்சு. அப்புறம் கால் எங்கேருந்து பிரேக்குக்குப் போகும்? பட்டை போடாதது உங்களுக்குத்தானே தெரியும். உங்க வாட்ச் என் காலடில கெடந்தது பறந்து வந்து இல்ல. டாக்டர் பட்டை தடம்னு எழுதினது, பட்டை இல்லங்க. உங்க கை. நான் சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவரு எழுதிட்டாரு. நீங்களோ வர்றவங்ககிட்ட எல்லாம் போட்டேன் போட்டேன்னு சொல்லிட்டிருந்தீங்க. நாலு பேரு முன்னாடி உங்கள எப்படி இல்லன்னு சொல்றது? நீங்க தனியாக் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

(ஒலிவாங்கி மேடைக்குத் திரும்பி வருகிறது.)

தண்ணீர் கொடுங்கள். இல்லை, இடக்கையில் வேண்டாம். இந்தக் கையில்.

அவையோரே... நான் இங்கே வந்தது அந்தப் பெட்டி பொய் சொல்கிறது என்று நிறுவ. இப்போது என்ன சொல்வேன்? பிரேக் இல்லை என்றது. மெய். பட்டை இருந்தது என்றது. பொய். ஆனால் தடம் இருந்தது. அதுவும் மெய். இறுகித் தடுத்ததாக எனக்கு நினைவு. அதுவும் மெய்தான், தடுத்தது கால் அல்ல, கை. பெட்டியும் தோற்கவில்லை, நானும் தோற்கவில்லை, இரண்டு பேரும் ஜெயிக்கவும் இல்லை. ஐந்து நொடிக்கு ஐந்து கட்டம் போட்டு வைத்தவன், வேகத்துக்கு ஒரு கட்டம் வைத்தான், காலுக்கு ஒரு கட்டம் வைத்தான், கொக்கிக்கு ஒரு கட்டம் வைத்தான். இந்தக் கைக்கு ஒரு கட்டம் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் அதையும் யாரோ எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, தனியுரிமை காரணமாக எனக்குத் தர மாட்டார்கள்!

பிரேக் போட்டிருந்தால் வேன் மீது மோதாமலே இருந்திருக்கலாமோ? இருக்கலாம். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நான் போவேன். பிரேக் போடவில்லை என்பேன். பட்டையை முதுகுக்குப் பின்னால் மாட்டச் சொன்னவன் நான் என்பேன். உரிமத்தை எடுத்தால் எடுக்கட்டும். ஆனால் என் பக்கத்து இருக்கையில் இருந்தவளையும் கூட்டிப் போவேன். அவள் பேசி முடிக்கும் வரை அந்தக் காகிதத்தை மேசை மீது வைக்க விட மாட்டேன். அதில் மட்டும் நான் ஒரு அங்குலம் இறங்க மாட்டேன்!

(கைதட்டல்)

சங்கத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. பெட்டி வைப்பவன் சொல்லிவிட்டு வைக்கட்டும், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி சொல்லட்டும். என்னைப் பற்றி எழுதியதை முதலில் எனக்குக் காட்டட்டும். படித்துத் தீர்ப்பு எழுதும் முன், யாராவது ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கேட்கட்டும். நான் அன்றைக்கு எழுந்து போயிருந்தால் ஒரு லாரி ஓட்டுநருக்கு வேலை இருந்திருக்கும். இந்த நான்கு மாதத்தில் ஒரே ஒருநாள் சமையலறை வரை எழுந்து போயிருந்தால், எனக்கு இந்தக் குழப்பமே இருந்திருக்காது.

செயலாளர் அவர்களே, இப்போது தாராளமாக மணி அடியுங்கள். என் தாறுமாறான பேச்சைத் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், கொட்டாவியைக் கூட அடக்கிக்கொண்ட ஓட்டுநர் தம்பிகளுக்கும், பதில் தர முடியாத கேள்வியைக் கேட்ட அந்தத் தாய்க்கும், நாற்பத்து மூன்று ஆண்டுகளாக என் பேச்சைக் கேட்டுக்கொண்டு, இன்று முதன்முறையாக அவையில் எனக்குப் பதில் சொன்னவளுக்கும் என் நன்றி.

இரண்டு கையும் கூப்பி விடைபெற வேண்டும். இடக்கை இன்னும் முழுதாக எழவில்லை. எழுந்த வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.